வராத வியாழன்

வேலையில் சேர்ந்த முதல் நாள் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, என்ன படித்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள், யாருக்காவது வழிகாட்டியிருக்கிறீர்களா என்று மூன்றையும் ஒரே நிமிடத்தில் சொல்லச் சொன்னார்கள். படிப்பு, கணிதத்தில் இளங்கலை, கணினிப் பயன்பாட்டில் முதுகலை. வேலை, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆறு வருஷம் மென்பொருள் எழுதியது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வீடு. வீடு என்றதும் நாலைந்து பேர் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது என்று கைதட்டிவிட்டார்கள். வலியப் போய் நானும் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஒன்பது வருஷம் எங்கே போனது என்று கேட்டால் கணக்கெல்லாம் என்னிடம் இல்லை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுத்தார். பிள்ளைகள் இரண்டு பிறந்தன. கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் எப்போது மாட்டிக்கொள்வார்கள் என்று அவருக்கே தெரியாது, கூப்பிட்டால் ஓட வேண்டும். ஆக, வீட்டில் யாராவது ஒருவர் நகராமல் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. அந்த யாராவது யார் என்று யாரும் விவாதிக்கவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு நூலகத்தில் உட்கார்ந்து மறந்ததையெல்லாம் மறுபடி படித்தேன். விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் இந்த ஒன்பது வருஷத்தைக் காட்டிக் காட்டியே கதவைச் சாத்தினார்கள்.

இவர்கள்தான் எடுத்தார்கள். ஜூனியராக. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் வழியனுப்புதல். வழியனுப்பிவிட்டால் என் கதை அதோடு முடிந்தது. இடைவெளி விட்டவளை ஒருவர் எடுப்பதே பெரிது, எடுத்தவரே திருப்பி அனுப்பினால் அப்புறம் ஒரு பயல் சீண்டமாட்டான். எனக்கு இந்த வேலை வேண்டும். சம்பளம் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட, நான் எழுதிய ஒன்று ஓடுவதை இன்னொரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்த அலுவலகத்தில் ஒரு விதி. ஒருவர் அடுத்த பதவிக்குப் போக வேண்டுமென்றால் ஒரு ஜூனியருக்கு மென்ட்டராக, அதாவது வழிகாட்டியாக இருந்து, அவரை ஆளாக்கிக் காட்ட வேண்டும். நல்ல விதிதான். என்ன, இரண்டு வருஷமாகப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் ஏழு பேர். ஜூனியர் நான் ஒருத்தி.

டீம் லீடர்தான் என்னை நேர்முகத்தில் தேர்ந்தெடுத்தவர். யாரையும் முகத்துக்கு நேராக மறுக்கத் தெரியாத நல்ல பெண். ஏழு பேரும் தனித்தனியாக வந்து கேட்க, ஏழு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டார். மறுநாள் என் காலண்டரைத் திறந்தால் நிற்க இடமில்லை. ஒரு மருமகளுக்கு ஏழு மாமியார். ஏழு பேரும் என்னைவிட வயதில் சின்னவர்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அவர்களை எனக்குள் கிழமைகளாகத்தான் வைத்துக்கொண்டேன். திங்கள் காலை, திங்கள் மாலை, செவ்வாய், புதன் காலை, புதன் மாலை, வியாழன், வெள்ளி. ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் திங்கள் காலைக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, மதியச் சாப்பாடு வரைக்கும் போகும். போனதும் படிக்கச் சொல்லி எதையாவது அனுப்புவார். அதைப் படித்து முடிப்பதற்குள் திங்கள் மாலை தோளைத் தட்டுவார்.

எனக்குக் கொடுத்த வேலை சின்னது. நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியவர்களுக்கு முந்தின நாள் செல்போனில் ஒரு நினைவூட்டல் போகும். இதில் ஒரு கோளாறு. ஒருவர் நேரத்தை மாற்றினால் புது நேரத்துக்கும் நினைவூட்டல் போகும், ரத்தான பழைய நேரத்துக்கும் போகும். வயதானவர்கள் பழைய நேரத்துக்கு வந்து வரிசையில் நின்று, உங்கள் பெயரே இல்லை என்று சொல்லக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். இதைச் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான்.

திங்கள் காலை என் நிரலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நீளம் ஆகாது, சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள் என்றார். வெட்டினேன். திங்கள் மாலை, துண்டுகளுக்கெல்லாம் வேறு பெயர் வைக்கச் சொன்னார். வைத்தேன். செவ்வாய்க்கு வெள்ளைப்பலகை இல்லாமல் பேச வராது. பலகை நிறையக் கட்டம் போட்டுவிட்டு, எதற்கு இத்தனை துண்டு, ஒன்றாகச் சேருங்கள் என்றார். சேர்த்தேன். புதன் காலை, விளக்கக் குறிப்பு எழுதுவது சோம்பேறித்தனம், நிரலே பேச வேண்டும் என்று எல்லாக் குறிப்பையும் அழிக்கச் சொன்னார். புதன் மாலைக்கு எதையும் நேரடியாகச் சொல்லும் பழக்கமில்லை. நான் எது கேட்டாலும், நீங்க என்ன நினைக்கிறீங்க என்று திருப்பிக் கேட்பார். என்ன நினைக்கிறேன் என்பதைச் சொன்னால் வேலை போய்விடும் என்பதால் சிரித்துவைப்பேன். வெள்ளி, குறிப்பே இல்லாமல் நிரலை யார் படிப்பார்கள் என்று எல்லாவற்றையும் திரும்ப எழுதச் சொன்னார். வெள்ளி சாயங்காலம் பார்த்தால், திங்கள் காலையில் நான் கொண்டுவந்தது அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. முன்னேற்றம் தெரிகிறது என்று வெள்ளி பாராட்டினார்.

வீட்டில் சொன்னேன். ஏழு பேர் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள், கத்துக்கோயேன், உனக்கு என்ன குறைந்துபோகிறது என்றார் கணவர். அவரை அப்போது அவருடைய லிஃப்டிலேயே வைத்துப் பூட்டலாம்போல் இருந்தது. கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார், பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அவர்கள் பெரியவர்கள் இல்லை அண்ணி, திங்கள் மாலைக்கு இன்னும் மீசையே சரியாக வரவில்லை என்றேன். என் மகன் அதற்குள் வந்து, கீபோர்டில் இரண்டு விரலால் தட்டாதே அம்மா என்று எனக்கு ஒரு வகுப்பு எடுத்தான். நான் பத்து விரலால்தான் தட்டுகிறேன். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழனைச் சொல்லாமல் விட்டேன். அவர் வரவில்லை.

முதல் வியாழக்கிழமை, பிரின்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குப் போய்க் காத்திருந்தேன். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, கதவு. ஐந்து நிமிடம் போனதும், அவசர வேலை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று செய்தி வந்தது. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் காரணம்கூட இல்லை. எனக்கு உச்சந்தலைக்குச் சூடேறியது. மற்ற ஆறு பேரும் என் தலையில் மிளகாய் அரைத்தாலும் நேரத்துக்கு வந்து அரைக்கிறார்கள். இவனுக்கு நான் அதற்குக்கூட ஆகவில்லையா? வீட்டில் இருந்துவிட்டு வந்தவள்தானே என்ற இளக்காரம் என்றே நினைத்தேன். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். போடா போ என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன்.

அறை ஒரு மணி நேரத்துக்கு எங்கள் பெயரில் இருந்தது. கதவைச் சாத்தினால் யாரும் வரமாட்டார்கள், மென்ட்டரிங் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். திரும்பி என் மேசைக்குப் போனால் யாராவது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால் அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.

என்ன சொல்ல. ஒன்பது வருஷத்தில், அலுவலகத்திலும் சரி வீட்டிலும் சரி, யாரும் எதுவும் சொல்லாத ஒரு மணி நேரம் அது. நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். நாலாவது வியாழக்கிழமை கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது. நேரத்தை மாற்றும்போது பழையதை ரத்து என்று குறிக்கிறார்கள், ஆனால் நினைவூட்டல் அனுப்புகிற இடத்தில் அந்தக் குறியை யாரும் பார்க்கவே இல்லை. எழுதினேன், சோதித்தேன். ஏழாவதோ எட்டாவதோ வாரம் அது மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதன் பிறகு புகார் வரவில்லை. வராத புகாரை யார் கவனிக்கப்போகிறார்கள்? டீம் லீடர் அடுத்த வேலையைக் கொடுத்தார். அதையும் வியாழக்கிழமைகளில் செய்தேன். மற்ற நாட்களில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் முடிந்தது. பெரிய கண்ணாடி அறையில் கூட்டம். டைரக்டர் அம்மா, மனிதவளத்துறைப் பெண்மணி, வேறொரு கிளையிலிருந்து திரையில் ஒரு அதிகாரி, ஓரத்தில் எங்கள் டீம் லீடர். முதலில் ஏழு பேரின் பதவி உயர்வு, கடைசியாக என் நிரந்தரம். ஆளாக்கிய ஆளும் அறையில் இருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஆக, ஏழு பேருக்கும் சாட்சிப்பொருள் நான். சுவரோரம் நாற்காலி போட்டிருந்தார்கள்.

திங்கள் காலை எழுந்தார். என்னை முன்பு, பின்பு என்று இரண்டாகப் பிரித்துத் திரையில் போட்டார். முன்பு, நீளமான நிரல் எழுதினார். பின்பு, துண்டுகளாக எழுதுகிறார். செவ்வாயும் முன்பு, பின்பு என்று போட்டார். முன்பு, எல்லாவற்றையும் துண்டு துண்டாக எழுதினார். பின்பு, சேர்த்து எழுதுகிறார். புதன் காலை, வந்த புதிதில் இவர் எழுதியதைச் சேமிக்கவே பயந்தார் என்றார். புதன் மாலை, இவருக்குச் சொந்தமாக யோசிக்கவே தெரியாமல் இருந்தது என்றார். இவருக்கு நேர மேலாண்மை சுத்தமாகக் கிடையாது என்றார் திங்கள் மாலை, அவருக்கு ஒதுக்கிய நேரம் தாண்டியும் நின்றுகொண்டு. வெள்ளி, என் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசினார். வரும்போது அது என்னிடம் அறவே இல்லையாம்.

முதல் இரண்டு பேருக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலாவது ஆளுக்குத்தான் உறைத்தது. இவர்கள் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு என்னை ஒரு விஷயத்தில் அடிமுட்டாளாக்கினால்தான் அவரவர் ஆளாக்கியதாக ஆகும். ஒருவர் சொன்னால் பரவாயில்லை. ஏழு பேர் ஏழு விஷயத்தில் சொன்னால் மிச்சம் என்ன இருக்கிறது? கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, எல்லாரும் என்னைப் பார்த்துப் பாசமாகவே சிரித்தார்கள்.

திரையில் இருந்த அதிகாரி, இவ்வளவு ஒன்றும் தெரியாதவரை யார் வேலைக்கு எடுத்தது என்று கேட்டார். டீம் லீடர் தண்ணீர் குடித்தார்.

வியாழன் முறை வந்தது. எழுந்து நின்றான். திரையில் தலைப்பு மட்டும் இருந்தது. மற்றவர்கள் சொன்னதைத்தான் நானும் சொல்ல வேண்டும், அவர் நன்றாகச் செய்கிறார் என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். இதைச் சொல்ல ஆறு மாதமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு என் விஷயம். மனிதவளத்துறைப் பெண்மணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரொம்ப வருத்தத்தோடு, ஒருவருக்கு இத்தனை பேர் இத்தனை விஷயம் சொல்லித்தர வேண்டியிருந்தால் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது, நிரந்தரமாக்குவதைப் பரிந்துரைக்க முடியவில்லை என்றார். முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் நாத்தனாரிடம் என்ன சொல்வது என்பதுவரை மனசு போய்விட்டது.

டைரக்டர் அம்மா முறைக்காகத்தான் என்னைக் கேட்டார். "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா? இவங்கள்ல யார்கிட்ட அதிகமா கத்துக்கிட்டீங்க?"

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு மாதமாகச் சரி சரி என்று தலையாட்டித் தலையாட்டி என் கழுத்து எலும்பே தேய்ந்திருந்தது. போகிறதுதான் போகிறது, ஒரு தடவையாவது மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போவோம் என்று தோன்றியது.

"வியாழக்கிழமை சார்கிட்ட," என்றேன்.

அவனுக்கு நான் அப்படி ஒரு பெயர் வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. கையைக் காட்டினேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவர் என்ன சொல்லிக்குடுத்தாரு?"

"ஒண்ணும் சொல்லிக்குடுக்கல மேடம். ஒரு நாள்கூட வரல. அந்த ஒரு மணி நேரம் யாரும் இல்ல. அப்பத்தான் நான் வேலை செஞ்சேன்."

"மத்த நாள் எல்லாம்?"

"கத்துக்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. டைரக்டர் அம்மா தன் கணினியை இழுத்து வைத்துக்கொண்டார். எந்த நிரலை யார் என்றைக்கு எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் தானாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். ரொம்ப நேரம் கீழே கீழே இறங்கிப் பார்த்தார். பிறகு, நினைவூட்டல் கோளாறைச் சரிசெய்தது யார் என்று டீம் லீடரைக் கேட்டார். இவங்கதான் மேடம் என்றார் டீம் லீடர், முதல் தடவையாகக் குரலை உயர்த்தி. மற்ற நாட்களில் எழுதியவை எங்கே என்று கேட்டார் டைரக்டர் அம்மா. எழுதியது எல்லாம் மறுநாள் அழிக்கப்பட்டிருந்தது, அழித்தது எல்லாம் அதற்கு மறுநாள் எழுதப்பட்டிருந்தது. திங்கள் காலை ஏதோ விளக்க எழுந்தார். டைரக்டர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உட்காரச் சொன்னார்.

என்னை நிரந்தரமாக்கினார்கள். அதைவிட வேடிக்கை, மேல்பதவி ஒன்று காலியாக இருந்தது, யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும். ஆளாக்கியதற்கு ஆதாரம் இருந்தது ஒருவருக்குத்தான். வியாழனுக்குக் கொடுத்தார்கள். சுதந்திரமாகச் செயல்பட விடுகிற அணுகுமுறை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார் மனிதவளத்துறைப் பெண்மணி. மற்ற ஆறு பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. அதற்காக என்னை விட்டுவிடவும் இல்லை. அடுத்த சுற்று ஆறு மாதத்தில் வருகிறது, அதற்கும் ஜூனியர் நான் ஒருத்திதான்.

கீழே இறங்க லிஃப்டுக்குக் காத்திருந்தேன். கணவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை, எங்கோ யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள். பின்னால் ஓடிவந்து நின்றான் வியாழன். மூச்சு வாங்கியது. ஆறு மாதத்தில் அவன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

தன்னைப் பற்றி இத்தனை பேர் முன்னால் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றான். நான் உன்னைத் திட்டினேனடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவனே பேசிக்கொண்டு போனான். இனி ஒரு வாரம்கூட விடமாட்டானாம். நேரத்துக்கு வந்துவிடுவானாம். ஒரு மணி நேரம் போதாது, இரண்டாக்கிவிடலாமாம். அந்தச் சின்ன அறைக்குப் பதில் பெரிய அறையாகப் பார்க்கிறானாம்.

லிஃப்ட் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினேன்.

"தம்பி," என்றேன். அந்த அலுவலகத்தில் யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "வராதீங்க. எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேணும்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, இரண்டு பேரும் ஏறவில்லை, கதவு மூடிக்கொண்டது. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அதான் வரல. நீங்க ஏதாவது கேட்டு நான் முழிச்சா மானம் போயிடும்னு பயம். முதல் வாரம் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன்."

நான் அவனைப் பார்த்தேன். இளக்காரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். இவனை ஆறு மாதமாக எத்தனை விதமாகத் திட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது பாவமாக இருந்தது. அதே சமயம், தெரியாதவன் பேசாமல் இருந்தான், தெரிந்தவர்கள் அல்லவா என்னைக் கொன்றார்கள் என்றும் தோன்றியது.

திங்கட்கிழமையிலிருந்து டீமில் நாலு பேர் அவனுக்குக் கீழே என்றான். அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றான். உங்களுக்கு இதெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, நீங்கள் யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டான். கொடுத்திருக்கிறேன், காப்பீட்டு நிறுவனத்தில் எனக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள் என்றேன். யாரும் கேட்கவில்லையே அக்கா என்றான். கேட்கவில்லை என்றேன்.

ரொம்பத் தயங்கி, "அப்ப நான் உங்ககிட்ட வரட்டுமாக்கா? கத்துக்க?" என்றான்.

லிஃப்ட் மறுபடி வந்தது. ஏறிக்கொண்டு, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க," என்றேன். "வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கு."